பழைய பிக்கப் வண்டியைத் திருத்துதல்: எதை முதலிற் செய்வது?

பெரும்போக நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் கமக்காரரிற் பலர் தமது பிக்கப் வண்டிக்கும் ஏதாவது செய்யவேண்டுமென எண்ணுவது வழக்கம். கரடியனாறு, உறுகாமம், உன்னிச்சை, புல்லுமலை ஆகிய பகுதிகளில் இவ்வண்டி உழவியந்திரத்துக்கு அடுத்த இடத்தைப் பெற்றுவிட்டது. விதைநெல்லும் பசளையும் வயலுக்குச் செல்வதும், நெல்லும் கத்தரியும் பூசணியும் செங்கலடிக்கு வருவதும் இதிலேயாகும். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய வண்டி வாங்குதல் இன்றும் எல்லோர்க்கும் இயலுவதன்று. ஆகவே, இருக்கும் வண்டியைச் சிறிது சிறிதாகச் செம்மை செய்து பல போகங்களுக்கு ஓட்டுவதே பெரும்பாலார்க்கு உகந்த வழியாகும்.

ஆனால் பணம் ஒரேயடியாக வருவதில்லை. எனவே எதை முதலிற் செய்வது, எதைப் பின்போடுவது என்னும் வரிசையே இங்கு முக்கியமானது. பொதுவாக நாம் காணும் வரிசை யாதெனில், முதலில் பெரிய ரயர், அடுத்துப் பின்பக்கத்துக்கு ஒரு மேலதிக ஸ்பிறிங் தகடு, பின்னர் பளிச்சிடும் விளக்கு, இறுதியாகச் சத்தம் கேட்கும்போது பிரேக் என்பதாம். இவ்வரிசை பிழையானது. வண்டி நிற்குமா என்பதை முதலிலும், வழியில் நின்றுவிடாது வீடு வந்து சேருமா என்பதை அடுத்தும், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை அதன் பின்னரும் கேட்கவேண்டும். அழகு பற்றிய கேள்வி கடைசியானது.

பிரேக்

வெறும் வண்டி 1,500 கி.கி. நிறையுள்ளது எனக் கொள்வோம். 65 கி.கி. கொண்ட 15 நெல் மூடைகளை ஏற்றினால் அதன் நிறை ஏறக்குறைய 2,500 கி.கி. ஆகின்றது. மணிக்கு 40 கி.மீ. வேகத்திற் செல்லும் வெறும் வண்டியை நிறுத்துவதற்குப் பிரேக் செய்யும் வேலையைப் பார்க்கிலும், 60 கி.மீ. வேகத்திற் செல்லும் இப்பாரவண்டியை நிறுத்துவதற்குச் செய்யும் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நிறை கூடும் அளவுக்கு வேலையும் கூடும். வேகமோ இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். இந்த வேலை முழுவதும் வெப்பமாக மாறிப் பிரேக் கட்டைகளிலும் எண்ணெயிலும் சேர்கின்றது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் இவ்வெல்லை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடக்கூடும். எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், மிதியை எவ்வளவு மிதித்தாலும் அது பஞ்சுபோல் அமிழுமேயன்றி வண்டி நில்லாது. வாவியும் குளமும் சூழ்ந்த நமது மாவட்டத்தில் காற்றின் ஈரம் அதிகம். ஆதலின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை எண்ணெயை முற்றாக மாற்றுதல் அவசியம். வண்டிக்குச் செய்யக்கூடியவற்றுள் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு நன்மை தருவது வேறில்லை என்பதே எமது கருத்து.

அத்துடன் இறப்பர்க் குழாய்கள் வெடித்துள்ளனவா, பின்சில்லுத் தட்டத்தினுள் எண்ணெய் கசிகின்றதா என்பவற்றையும் பார்க்கவேண்டும். ஸ்ரியறிங் மூட்டுகள் தளர்ந்திருப்பின் அவற்றையும் இதே முறையில் மாற்றிவிடுதல் நன்று.

ஸ்பிறிங் தகடு பற்றிய ஓர் எச்சரிக்கை

அநேக பிக்கப் வண்டிகளின் பின்னச்சுக்கு மேலே ஒரு சிறு கம்பியுடன் இணைந்த வால்வு உண்டு. இதனைக் கமக்காரர் மாத்திரமன்றிச் சில பட்டறைக்காரரும் கவனிப்பதில்லை. பாரம் ஏறப் பின்பக்கம் தாழும். தாழத் தாழ இவ்வால்வு பின்சில்லுகளுக்குக் கூடிய பிரேக் அழுத்தத்தை விடும். வெறும் வண்டியிற் பின்பக்கம் உயர்ந்திருக்கும். அப்பொழுது அழுத்தத்தைக் குறைத்து, பின்சில்லுகள் இறுகிச் சறுக்காமற் காக்கும்.

இப்பொழுது மேலதிகத் தகடு போட்டால் நடப்பது என்ன? 15 மூடை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. வால்வு, வண்டியை வெறுமையெனவே கருதிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதாவது, பாரத்தைத் தாங்கும் ஆற்றல் கூடிய அதே நாளில் நிறுத்தும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது. மூடைகளுடன் செங்கலடி - பதுளை வீதியில் வரும்போது எருமைக் கூட்டமொன்று குறுக்கிடுமாயின் இதன் பயனைக் காணலாம். ஆகவே, தகடு போடுவதாயின் பிரேக் திருத்தியபின்னரே போடவேண்டும். போட்டவுடன் அவ்வால்வையும் உரிய அளவுக்குச் சரிசெய்விக்கவேண்டும். மேலும், தகடு கூட்டுவதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட பாரம் கூடுவதில்லை. அச்சும் சட்டமும் சில்லுப் போல்களும் முன்னிருந்தவையே.

பின்பக்கம் தாழ்ந்திருப்பதற்கு உண்மையான காரணம் பழைய தகடு ஒடிந்திருத்தலோ களைத்திருத்தலோ ஆகவும் இருக்கலாம். அங்ஙனமாயின் கழற்றி, அதே அளவான தகட்டை இடுதலே போதும்.

ரயர்

பெரிய ரயர் சேற்றுக்கு உதவுமெனப் பலர் நம்புகின்றனர். சிறிது உதவும் என்பது மெய்யே. ஆயினும் விட்டம் நூற்றுக்கு 5 கூடினால் வேகமானி 60 காட்டும்போது வண்டி 63 இல் ஓடும். இழுவையும் பிரேக்கும் அதே அளவுக்குக் குறையும். வயற் கிரவல் பாதைக்கு, உரிய அளவில் நல்ல வரிகளையுடைய ரயரே போதுமானது.

ரயரின் பக்கத்திற் காணப்படும் எண்களை வாசிக்கப் பழகவேண்டும். ‘3522’ என்றிருப்பின் அது 2022 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்திற் செய்யப்பட்டதாகும். பளபளப்பைப் பார்த்துப் பழைய ரயரை வாங்கி ஏமாறாதிருக்க இது உதவும். அளவைக் குறிக்கும் எண்ணை அடுத்துவரும் பார எண்ணும் கவனிக்கத்தக்கது. 100 எனின் ஒரு ரயர் 800 கி.கி. தாங்கும், 106 எனின் 950 கி.கி. தாங்கும். காருக்குரிய ரயரை மலிவென்று பிக்கப்புக்குப் போடுதல் ஆகாது. வரிகளின் இடையேயுள்ள 1.6 மி.மீ. உயரமான குறிமேட்டுடன் வரி சமமாகிவிட்டால் அந்த ரயரின் காலம் முடிந்தது.

பணம் வரும் காலமும் தேவை வரும் காலமும்

நமக்குப் பணம் வருவது பங்குனி, சித்திரையிலும், சிறுபோகத்தின் பின் ஆவணி, புரட்டாதியிலுமாம். வரிசையை இதனுடன் பொருத்திக்கொள்ளலாம். பங்குனிப் பணத்தில் பிரேக்கையும் ஸ்ரியறிங்கையும் முடித்து, எஞ்சியதைக் குளிர்விக்கும் தொகுதிக்குச் செலவிடுக. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், மூடையுடன் ஏறும் வண்டியின் றேடியேற்றர் கொதிப்பது வழக்கம். இயந்திரத் தலை வளைந்துவிட்டால் அச்செலவு ஒரு போகத்தின் இலாபத்தையே விழுங்கிவிடக்கூடும். ஒரு நீர்க்குழாயும் பட்டியும் அதனெதிரில் அற்பமே. கரையோரக் கிணற்று உப்புநீரை றேடியேற்றருக்கு ஊற்றலாகாது. தேய்ந்த ரயர் உடனே மாற்றவேண்டியதே. ஓரளவு நன்றாயிருப்பின் புரட்டாதி வரை பொறுத்து, மாரி தொடங்குமுன் புதிதாக இடலாம். கோடைக் கிரவலிற் புதிய வரியைத் தேய்த்துவிட்டு, மழைக்குத் தேய்ந்த ரயருடன் நிற்பது கெட்டித்தனமன்று.

வரிசையை மீறத்தக்க இடம் ஒன்றுண்டு. கூலி பொதுவாகும் வேலைகளை ஒன்றாகச் செய்விக்கவேண்டும். பிரேக்குக்காகச் சில்லுத் தட்டம் கழற்றப்படும்போது பெயாரிங்குக்குக் கிறீசு இட்டு எண்ணெய்ச் சீலையும் மாற்றுக. சில டீசல் இயந்திரங்களில் ரைமிங் பட்டி உண்டு. அது அறுந்தால் இயந்திரமே பழுதாகும். கைநூல் கூறும் கிலோமீற்றரில் அதனை மாற்றும்போது நீர்ப்பம்பியையும் பார்க்கச் சொல்லுக. பட்டறையில் உதிரிப்பாகத்தின் விலையையும் கூலியையும் வெவ்வேறாக எழுதி வாங்கினாலன்றி இத்தகைய மிச்சத்தைக் கண்டறிய முடியாது. இரு பட்டறைகளிற் கேட்டல் இன்னும் நன்று.

விலை குறைந்த சில பொருட்களுக்கு வரிசை வேண்டியதில்லை. நல்ல படங்கு ஒன்று, கயிறு கட்டுவதற்கு உறுதியான கொளுக்கிகள், ரயர்க் காற்றளக்கும் கருவி ஆகியவற்றை எப்பொழுதும் வாங்கலாம். திடீர் மழையில் நெல் நனைந்தால் நேரும் நட்டத்தில் படங்கின் விலை பெரிதன்று. பசளை ஏற்றிய அன்றே பின்தட்டைக் கழுவுதலும் வேண்டும். பொட்டாசுப் பசளையிலுள்ள குளோரைட்டு இரும்பை விரைந்து துருப்பிடிக்கச் செய்யும்.

விளக்கைப் பொறுத்தவரை, யானை நடமாடும் இவ்வீதியில் நல்ல ஒளி வேண்டுவதே. ஆயினும் புதிய விளக்கு வாங்குமுன் மங்கிய கண்ணாடியைத் துலக்கி, துருப்பிடித்த நிலக்கம்பியின் முனையைச் சுரண்டி இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். பழைய கிண்ணத்தில் எல்.ஈ.டி. குமிழைப் போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும். வீதியோரத்தில் நிற்கும் யானையோ அப்படியே இருளில் நிற்கும்.

அலோய் சில்லு, பெரிய பம்பர், பாட்டுப்பெட்டி என்பன இவையெல்லாம் முடிந்தபின் பணம் மிஞ்சினால் மட்டுமே. வண்டியின் அமைப்பை மாற்றும் எதனையும் செய்யுமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளை விசாரித்தறிக. கழற்றிய ரயர்களில் வரி மிகுந்துள்ள ஒன்றை உதிரிச் சில்லுக்கு வைத்துக்கொண்டு, ஏனையவற்றை மழைநீர் தேங்காதவாறு துளையிட்டோ கூரையின் கீழோ வைக்கவேண்டும். நுளம்பு பெருகுவது அவற்றிலேயாகும்.