ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோப்பி: போகும் முன்னும் வந்த பின்னும்

நின்றால் தொடை இடுக்கில் புடைப்பு, படுத்தால் காணோம். குடலிறக்கம், அதாவது ஹெர்னியா என்று டாக்டர் சொன்னதுமே பலரும் கேட்பது, "ஓட்டை போட்டே முடித்துவிடலாமா?" முடியும், அதுதான் லேப்ராஸ்கோப்பி. ஆனால் தோலில்தான் வெட்டு சின்னது. இறங்கிய இடத்தை மூட உள்ளே வைக்கும் வலை ஏறத்தாழ 10க்கு 15 செ.மீ., உள்ளங்கையைவிடப் பெரிது. வேலையும் அதற்கேற்றதுதான்.

முதலில், அவசரமா என்று பாருங்கள். புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் குடல் சிக்கியிருக்கலாம். அமுக்கித் தள்ளிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தொந்தரவு அதிகமில்லாத ஆண்கள் டாக்டரின் கண்காணிப்பில் பொறுத்துப் பார்க்கலாம். பெண்கள் தள்ளிப்போடக் கூடாது. சட்டென்று சிக்கிக்கொள்ளும் தொடைக் குடலிறக்கம் ஆண்களைவிட அவர்களுக்கே அதிகம்.

அடுத்து, எந்த முறை என்று பேசுங்கள். இரு பக்கமும் இறங்கியிருந்தாலோ, முன்பு கீறிச் செய்த இடத்தில் மறுபடி வந்திருந்தாலோ லேப்ராஸ்கோப்பி நல்லது. புராஸ்டேட் அறுவை ஆனவர்களுக்கு உள்ளே திசுக்கள் ஒட்டியிருக்கும், இந்த முறை சிரமம். இதயமோ நுரையீரலோ முழு மயக்கத்தைத் தாங்காதென்றால், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துக் கீறிச் செய்வதே மேல். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. "லேப்ராஸ்கோப்பியை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா, டாக்டர்?" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்; கைப்பழக்கம் வர நாளாகும் அறுவை இது. காப்பீட்டில் வருமா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.

தேதி குறித்த பின் இருமல், மலச்சிக்கல், சிறுநீர்த் தடை ஆகியவற்றுக்கு முதலில் வைத்தியம் பாருங்கள். முக்கினால் உள்ளே அழுத்தம் கூடும். புகையை நிறுத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை, சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்வார். பொதுவாக அறுவைக்கு 6 மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டையும், 2 மணி நேரத்துக்கு முன் தண்ணீரையும் நிறுத்தச் சொல்வார்கள். பால் காபி சாப்பாட்டுக் கணக்கில் சேரும்! ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

மயக்கம் தந்தபின் தொப்புளருகே ஒன்றும் அதன் கீழே சிறியதாக இரண்டும் துளை போடுவார்கள். கரியமில வாயுவால் இடம் உண்டாக்கி, இறங்கியதை உள்ளே இழுத்து, தசைக்குப் பின்னால் வலையை விரிப்பார்கள்.

அன்றே எழுந்து நடக்கலாம். சிறுநீர் சரியாகப் போன பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள். தோள்பட்டை வலித்தால் பயப்படாதீர்கள்; வாயு செய்யும் வேலை, ஓரிரு நாளில் போகும். விதைப்பை கன்றி நீலமாகலாம். பழைய இடத்திலேயே மெத்தென்று வீங்கினால் ஹெர்னியா திரும்பிவிட்டதென்று பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது சேர்ந்த நீர்தான். சில வாரங்களில் தானே வற்றும், ஊசி போட்டு எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஆனால் காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, சிறுநீர் அடைப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர் தூக்குவதை டாக்டர் சொல்லும்வரை வேறு யாரிடமாவது விடுங்கள். திடீரென்று பிரேக் அடித்தாலும் இடுப்பில் வலிக்காது என்ற நிலை வந்த பிறகு வண்டியை எடுக்கலாம்.