மூடியைத் திறக்கும் முன்

கண்ணு, ராக்கில் இருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாய் என்று கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெரும்பாலும் டெல் பவர்எட்ஜ் ஆர்720 மாதிரி ஒரு பழைய பெட்டியைக் கொடுத்துத்தான் பழகச் சொல்வார்கள். 2012இல் வந்தது, இன்றும் பல இடங்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்தே சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் கேள். அந்தச் சர்வரில் என்ன ஓடுகிறது, யார் வேலை அதை நம்பியிருக்கிறது என்று தெரியாமல் கை வைக்காதே. "பேக்கப் இருக்கிறது" என்றால் விட்டுவிடாதே. அதிலிருந்து கடைசியாக எடுத்துப் பார்த்தவர் யார் என்று கேள். சர்வரை நிறுத்த வந்த ஒருவரைக் கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் வாசலிலேயே மறித்ததைப் பார்த்திருக்கிறேன். ரேம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அன்று சம்பளம் போடும் நாள் என்பது தெரியும்.

2. நடந்ததை நடந்தபடி சொல். ஆர்720இன் முகப்பில் டிஸ்க்குகளின் எண் 0இல் தொடங்கும். இரவு ஷிஃப்டில் ஒரு பையனுக்கு, 3ஆம் எண் டிஸ்க் கெட்டுவிட்டது என்று தகவல் வந்தது. இடப்பக்கமிருந்து மூன்றாவதை உருவிவிட்டான். அது 2ஆம் எண். கெட்ட டிஸ்க் பக்கத்திலேயே ஆம்பர் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அந்த டிஸ்க்குகள் ரெய்டு 5 அமைப்பில் இருந்தன. அது ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டு போனால் படுத்துவிடும். கை நடுங்க நடுங்க அடுத்த நிமிடமே மூத்தவரைப் போனில் கூப்பிட்டு, எதை உருவினேன், எப்போது உருவினேன் என்று ஒளிக்காமல் சொன்னான். "இனி எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு அவர் ஓடி வந்தார். உருவியதை அதே இடத்தில் செருகி, கன்ட்ரோலர் மெனுவிலிருந்து பழைய அமைப்பை மீட்டார், தரவு பிழைத்தது. பயத்தில் அவனே எதையாவது அழுத்தி இனிஷியலைஸ் செய்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். அதன்பின் சிக்கலான வேலை வந்தால், அந்தப் பையனை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினார்கள்.

3. டிஸ்க்கையும் பவர் சப்ளையையும் ஓடும்போதே மாற்றலாம். ரேமுக்கும் ப்ராசஸருக்கும் அது ஆகாது. அவற்றுக்கு முதலில் சர்வரை முறையாக நிறுத்து. பின்னால் இரண்டு பவர் கேபிள் இருக்கும், இரண்டையும் கழற்று.

4. ப்ராசஸர் மாற்றும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்தச் சாக்கெட்டில் 2011 ஊசிகள், அத்தனையும் போர்டின் பக்கம். ஒன்று வளைந்தாலும் ரேமில் ஒரு பகுதி காணாமல் போகலாம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் குனியும் முன் சட்டைப்பைப் பேனாவை எடுத்து வைப்பார், கடிகாரத்தைக் கழற்றுவார், ஆன்டி ஸ்டாட்டிக் பட்டையை மணிக்கட்டில் கட்டுவார். பிறகு யார் கூப்பிட்டாலும் கண்ணை எடுக்காமல் "இருங்க" என்பார், அவ்வளவுதான். ப்ராசஸரை நேராக இறக்கி வைப்பார், அழுத்தவே மாட்டார். மேலாளர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் உன் கை அந்த வேகத்துக்குப் போகக் கூடாது. பதறாத காரியம் சிதறாது. பெயரில் வி2 என்று வரும் புதிய வகை ப்ராசஸர் போடுவதாக இருந்தால், பழையது உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடு.

5. ரேம் இடங்கள் 24 இருக்கின்றன என்று இஷ்டத்துக்குச் செருகாதே. வெள்ளைத் தாழ் உள்ளவை முதலில், பிறகு கறுப்பு, கடைசியில் பச்சை. இரண்டாவது ப்ராசஸர் இல்லையென்றால் அதன் பக்கத்து 12 இடமும் வேலை செய்யாது. தெரிந்தவன் போலக் காட்டிக்கொள்ளாதே. படமும் வரிசையும் மேல்மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும், நின்று படி.

6. ரெயிலில் ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும் இழு. இரண்டை வெளியே இழுத்தால் ராக்கே முன்னால் சாயக்கூடும். கழற்றித் தூக்க இன்னொருவரைக் கூப்பிடு. உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

7. மூடுவதிலும் திறக்கும்போது இருந்த கவனம் வேண்டும். வேலை முடிந்த களிப்பில் காற்றை வழிநடத்தும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் உறையை வெளியே விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் குளிர்காற்று ப்ராசஸர் மேல் சரியாகப் போகாது. எதை மாற்றினாய், எந்தத் தேதியில் என்று எழுதி வை. நாளைக்கு அதைத் திறக்கப்போகிறவனும் உன்னைப் போல ஒரு பிள்ளைதான்.

முதன்முதலாகத் தனியாக ஒரு சர்வரைத் திறக்கும் நாளில் ஏதாவது சந்தேகம் வந்தால், நேரம் பார்க்காமல் எனக்குப் போன் போடு. கை வைத்த பிறகு கேட்காதே, கண்ணு. வைப்பதற்கு முன் கேள்.