பூட்டானுக்கு ஒரு பயணத் திட்டம்: எட்டாம் வகுப்புச் செயல்பாடு

மலைகள் குறித்த பாடத்தின் நடுவே ஒரு மாணவி, "மிஸ், வெளிநாட்டு மலைக்குப் போக எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையே ஒரு வாரச் செயல்பாடாக்கினேன். அறிவித்ததுமே கடைசி வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "போக முடியாத ஊருக்கு எதுக்கு மிஸ் கணக்கு?" அன்று என்னிடம் அதற்குச் சரியான பதில் இல்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்த நாடு பூட்டான். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. நுழைவு அனுமதி போதும். அந்நாட்டு நாணயமான நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சமமான மதிப்புடையது என்பதால் கணக்கும் எளிது. வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்தேன்.

குழு 1: வழியும் காலமும்

சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறி, நியூ ஜல்பைகுரியில் இறங்கி, சாலை வழியாக எல்லை ஊரான ஜெய்கானை அடைய வேண்டும். எல்லைக்கு அப்பால் புன்ஷோலிங். அங்கிருந்து தலைநகர் திம்பு ஏறத்தாழ 150 கி.மீ. "பாண்டிச்சேரி தூரம்தான், மூணு மணி நேரம்" என்று குழு எழுதியது. மலைச்சாலையின் வளைவுகள் மேல் நூலை வைத்து அளந்து, நேர்க்கோட்டுத் தூரத்துடன் ஒப்பிடச் சொன்னேன். மலையில் தூரத்தை மணியால் அளக்க வேண்டும் என்பது புரிந்தது. ஐந்து மணி நேரம் என்று திருத்தினார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழையில் அச்சாலையில் மண்சரிவு நேரும். போகவரப் பத்து நாள்களாவது வேண்டும் என்பதால் மே மாத விடுமுறையே ஏற்றது என முடிவு செய்தார்கள்.

குழு 2: உயரம்

வகுப்புச் சுவரில் 20 மீட்டருக்கு 1 செ.மீ. என்ற அளவில் சாக்பீஸால் கோடு போட்டோம். தரை மட்டம் சாந்தோம் கடற்கரை. பரங்கிமலை (90 மீ.) நாலரை செ.மீ.; உதகை (2,240 மீ.) 112 செ.மீ.; தொட்டபெட்டா (2,637 மீ.) ஏறத்தாழ 132 செ.மீ.; பாரோ நகருக்கு அருகே பாறை விளிம்பில் நிற்கும் தக்சங் மடாலயம் (3,120 மீ.) 156 செ.மீ. அந்தக் கோடு பல மாணவர்களின் தலைக்கு மேலே போனது. பாரோ பள்ளத்தாக்கிலிருந்து மடாலயத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் ஏற வேண்டும். பரங்கிமலையைப் பத்து முறை ஏறுவதற்குச் சமம்.

இங்கே அறிவியலை இணைக்கலாம். உயரே செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. 21 சதவீதமாகவே இருக்கிறது. காற்றழுத்தம்தான் குறைகிறது. திம்புவில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரலாம். இதைப் படித்த குழு, திம்பு சேர்ந்த மறுநாளே தக்சங் என்றிருந்த தன் முதல் திட்டத்தைத் தானே அழித்தது. உடல் பழகத் திம்புவில் மூன்று இரவு, பிறகு பாரோவில் இரண்டு இரவு, கடைசி நாள் தக்சங் என்று மாற்றி எழுதியது.

குழு 3: செலவு

பூட்டான் அரசு இந்தியப் பயணியரிடம் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வளங்குன்றா வளர்ச்சிக் கட்டணம் பெறுகிறது. 6 முதல் 12 வயது வரை பாதி. அதற்குக் குறைந்த வயதினருக்குக் கட்டணம் இல்லை. அம்மா, அப்பா, 13 வயது அக்கா, 10 வயதுத் தம்பி ஆகியோர் ஐந்து இரவு தங்கினால்:

3 × 1,200 × 5 = 18,000
1 × 600 × 5 = 3,000
மொத்தம் ரூ.21,000

அறை வாடகை, சாப்பாடு, வண்டிச் செலவெல்லாம் இதற்கு மேல். ஒரு சிறிய நாடு தன் காடுகளையும் மலைகளையும் காக்க ஏன் இப்படிக் கட்டணம் வாங்குகிறது, நம் உதகையிலும் வாங்கலாமா என்ற விவாதம் ஒரு பாடவேளை முழுவதும் நீடித்தது.

குழு 4: ஆவணங்கள்

பூட்டானுக்குள் நுழையக் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும், ஆதார் செல்லாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கடவுச்சீட்டோ பிறப்புச் சான்றிதழோ தேவை. எனவே வீட்டில் பெற்றோருடன் அமர்ந்து, பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் ஒப்பிட்டு வரச் சொன்னேன். விவரங்களை வகுப்பில் சொல்ல வேண்டாம், வேறுபாடு இருந்தால் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும் என்றேன்.

மறுநாள் சிலர் வந்தார்கள். ஒருவருக்குத் தலைப்பெழுத்து மாறியிருந்தது. ஒருவருக்குப் பிறந்த தேதி. ஒரு மாணவியின் சான்றிதழில் பெயரே பதிவாகவில்லை. 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. எமிஸ் தளத்தில் இருக்கும் பெயரே பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்கும் மதிப்பெண் சான்றிதழுக்கும் போகிறது. அதற்குப் பின் திருத்துவதற்குப் பெற்றோர் எத்தனை நாள் கூலியை இழக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலேயே தெரிந்ததால் பெற்றோரை அழைத்துப் பேச நேரம் இருந்தது.

போக முடியாத ஊருக்கு எதற்குக் கணக்கு என்று கேட்ட மாணவனும் அந்த வரிசையில் நின்றிருந்தான். பிறந்த தேதி மாறியிருந்தது அவனுக்குத்தான்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

* கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை. செயல்பாட்டைத் தொடங்கும் நாளில் பூட்டான் சுற்றுலாத் துறையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளவும்.
* "உங்களில் யார் போவீர்கள்?" என்று கேட்க வேண்டாம். கற்பனைக் குடும்பம் ஒன்றுக்கே திட்டமிடச் செய்யவும்.
* மதிப்பீட்டில் இறுதித் திட்டத்தை மட்டும் பார்க்காமல், எதை ஏன் திருத்தினார்கள் என்பதற்கும் மதிப்பெண் தரவும்.
* நாமே இப்படியொரு பயணம் போக நினைத்தால், வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதி தேவை. அதையும் நான்காம் குழுவின் பட்டியலில் சேர்க்கலாம்.