நுரைக்கும் ஒயின்: வாங்க, திறக்க, ருசிக்க

பிரான்சில் இருக்கும் நம் வீடுகளில் வருஷக் கடைசி வந்தால் ஒரு ஷாம்பெயின் பாட்டிலாவது எட்டிப் பார்த்துவிடும். பரிசாக வந்ததோ, தள்ளுபடியில் வாங்கியதோ, கொடுத்த காசுக்கு ருசி முழுசாகக் கிடைக்க வேண்டாமா தோழிகளே? எங்கள் வீட்டில் செய்து பார்த்துக் கைகண்ட குறிப்புகள் இவை.

1. ஷாம்பெயின் என்ற பெயர் ரான்ஸ், எப்பெர்னே ஊர்களைச் சுற்றியுள்ள ஷாம்பாஞ் வட்டாரத்து ஒயினுக்கு மட்டுமே. அல்சாஸ், லுவார், பூர்கோஞ் பக்கத்தில் அதே போலப் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டுச் செய்வதற்கு கிரேமான் என்று பேர். பெரும்பாலும் பாதி விலைதான். விருந்தாளி நிறையப் பேர் என்றால் யோசிக்காமல் இதை வாங்குங்கள்.

2. லேபிளில் 'புரூட்' என்றிருந்தால் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குள். 'எக்ஸ்ட்ரா டிரை' என்ற பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது புரூட்டைவிட இனிப்பு! கேக் வெட்டும்போது ஊற்றுவதற்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை உள்ள 'டெமி-செக்' வாங்குங்கள். கேக்கைத் தின்றுவிட்டு புரூட் குடித்தால் வாயில் வெறும் புளிப்புதான் நிற்கும்.

3. ஃப்ரிட்ஜில் வைக்க மறந்துவிட்டதா? வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். அரை மணிக்குள் குளிர்ந்துவிடும். ஃப்ரீசர் மட்டும் வேண்டாம், மறந்தால் பாட்டில் வெடிக்கக்கூடும்.

4. உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கம்பியைத் தளர்த்தியதிலிருந்து கட்டைவிரலை கார்க் மேலிருந்து எடுக்கவே கூடாது. பாட்டிலைச் சாய்த்து, துணியால் கார்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். 'உஸ்' என்று மெல்லத் திறந்தால் ஒரு சொட்டும் தரையில் சிந்தாது.

5. இதற்கென்று ஒல்லிக் கிளாஸ் வாங்கவே வேண்டாம். வாய் சற்றுக் குறுகிய சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸில்தான் வாசனை நன்றாகத் தெரியும். சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் நுரை செத்துவிடும். வெந்நீரில் அலசி, பருத்தித் துணியால் துடையுங்கள். துணி விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத இழைகளில்தான் குமிழிகளே பிறக்கின்றன.

6. கிளாஸைச் சாய்த்து, பீர் ஊற்றுவது போல ஓரமாக ஊற்றுங்கள். நடுவில் நேராக ஊற்றுவதைவிட இதில் வாயு அதிகம் தங்குகிறது என்று ரான்ஸ் ஆய்வாளர்கள் 2010-ல் அளந்தே சொல்லிவிட்டார்கள்.

7. ருசி பழக நான் கண்ட சிக்கனமான வழி: நாலு வீட்டார் சேர்ந்து ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவருவது. ஷாம்பெயின், கிரேமான், ஸ்பெயின் காவா, இத்தாலி ப்ரோசெக்கோ நாலையும் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டுவிடுங்கள். ஆளுக்கு 60 மில்லி போதும். ஒரு பாட்டில் 12 பேருக்கு வரும். கிளாஸைச் சுழற்றாதீர்கள், குமிழி போய்விடும். ஊற்றியதும் ஒரு தடவை, ஐந்து நிமிஷம் கழித்து ஒரு தடவை மோந்து பாருங்கள். பெரிய தொட்டியில் நொதிக்கும் ப்ரோசெக்கோவில் பேரிக்காய், பூ வாசனை வரும். ஈஸ்ட்டோடு பாட்டிலில் மாதக்கணக்கில் கிடந்த மற்ற மூன்றிலும் சுட்ட ரொட்டி, வறுத்த பாதாம் வாசனையைத் தேடுங்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சந்தோஷமே தனி!

8. தொட்டுக்கொள்ள விலை உயர்ந்த சீஸ் எதற்கு? உப்பும் எண்ணெயும் உள்ள முறுக்கு, மெதுவடை, மீன் கட்லெட் எல்லாம் புரூட்டின் புளிப்புக்கு அருமையாகச் சேரும். மிளகாய்க் காரத்தை மட்டும் குறைத்துவிடுங்கள், குமிழிபட்டால் இன்னும் எரியும்.

9. மிச்சமான பாட்டிலின் வாயில் கரண்டியைச் சொருகி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. சில யூரோவுக்குக் கிடைக்கும் கிளிப் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளும் நுரைக்கும். நுரை போய்விட்டால் கொட்டாதீர்கள். சர்க்கரையும் ஒரு பட்டைத் துண்டும் சேர்த்து அதிலேயே பேரிக்காயை வேகவையுங்கள்.

10. நல்ல நாளுக்கென்று பாட்டிலை ஷோகேஸில் நிறுத்தாதீர்கள். வெளிச்சம் பட்டால், அதுவும் வெள்ளைக் கண்ணாடி பாட்டில் என்றால், சீக்கிரமே முட்டைக்கோஸ் வேகும் வாடை வந்துவிடும். இருட்டான, குளிர்ச்சியான அலமாரி மூலையில் வையுங்கள்; வருஷம் குறிப்பிடாத சாதாரண ஷாம்பெயினை அடுத்த விசேஷத்துக்கே திறந்துவிடுங்கள்.