பின்பலகையை விடு, முன்பலகையைப் பார்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் கிடைத்தது. தொழிற்சாலைக் கிதாரை விட்டுவிட்டு, கையால் செய்த கிளாசிக்கல் கிதார் ஒன்றைத் தேடும்படி உன் ஆசிரியரே சொல்லிவிட்டார் என்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. "பின்பக்கம் பிரேசில் ரோஸ்வுட்டாக இருந்தால்தான் நல்ல நாதம் வருமாமே, உண்மையா சித்தப்பா?" என்று கேட்டிருக்கிறாய். உண்மை இல்லை. அந்த மரத்தின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் 1817இல் பிறந்தவர் அந்தோனியோ தெ தோரெஸ். செவில் நகரில் பட்டறை வைத்திருந்தார். நீ மடியில் வைத்து வாசிக்கும் கிதாரின் உடலளவும் 650 மில்லிமீட்டர் தந்தி நீளமும் அவர் கையில்தான் நிலைபெற்றன. 1862இல் அவர் ஒரு விசித்திரமான கிதார் செய்தார். முன்பலகை நல்ல ஸ்ப்ரூஸ் மரம்; பின்பக்கமும் பக்கங்களும் காகித அட்டை. நாதத்தின் பெரும்பங்கு முன்பலகையிலிருந்தே வருகிறது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். அந்தக் கிதார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிதார் வாங்கப் போகிற ஒவ்வொருவருக்கும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தந்தி மெல்லியது, அது தனியாக அதிர்ந்தால் காற்றை அசைக்க முடியாது. அதன் அதிர்வு பிரிட்ஜ் வழியாக முன்பலகைக்குப் போய், அந்தப் பலகை அசைந்துதான் காற்று அசைகிறது. உன் விரல் நுனி கொடுக்கும் விசையோ மிகச் சிறியது. அதில் ஒரு துளியும் வீணாகாமல் இருக்க வேண்டுமானால் பலகை எடையில்லாமல் இருக்க வேண்டும். அதே பலகை, ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் சுமார் 40 கிலோ விசையை ஆண்டுக்கணக்கில் தாங்கவும் வேண்டும். எடை குறைவு, விறைப்பு அதிகம் என்ற இந்த இரண்டும் சேர்ந்து அமைந்த மரம் ஸ்ப்ரூஸ். ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் ஏறக்குறைய 400 கிலோதான் இருக்கும். ரோஸ்வுட் 800 கிலோவைத் தாண்டும்.

ஆல்ப்ஸ் மலையின் குளிரில் இந்த மரம் மெதுவாக வளர்கிறது. அதனால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக அமைகின்றன. இத்தாலியின் ஃபியம்மே பள்ளத்தாக்கு இதற்குப் பெயர் போனது. வயலின் செய்பவர்களும் அங்கேதான் மரம் தேடுவார்கள். நல்ல கட்டையை முதலில் ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். பிளந்தால் மரம் தன் நார் போகும் வழியிலேயே விலகும். பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நார் அறுபடாமல் ஓடும். பிறகு வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்து, ஆண்டுக்கணக்கில் உலர்த்துவார்கள். அடுத்தடுத்து அறுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம் போல விரித்து நடுவில் ஒட்டினால் முன்பலகை தயார். கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்று விற்பவர் சொல்வார். பார்க்க அழகு, அவ்வளவுதான். கொஞ்சம் அகன்ற கோடுள்ள பலகையிலும் அருமையான கிதார்கள் வந்திருக்கின்றன.

இனிமேல்தான் கைவேலை என்பதன் பொருளே இருக்கிறது. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கைவினைஞர் பலகையை இழைப்பார், இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்ப்பார், விரலால் தட்டிக் கேட்பார், மறுபடியும் இழைப்பார். 2 மில்லிமீட்டருக்கும் இரண்டரை மில்லிமீட்டருக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் அவர் கை நிற்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தப் பலகைதான் சொல்ல வேண்டும். தொழிற்சாலையால் இதைச் செய்ய முடியாது. ஆயிரம் பலகையையும் ஒரே கனத்தில் அறுக்க வேண்டும். அவற்றில் மிக நோஞ்சான் பலகையும் உடையக் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் கொஞ்சம் கனமாகவே விடுகிறார்கள். நீ கொடுக்கப்போகும் கூடுதல் பணம் அந்த அரை மில்லிமீட்டருக்குத்தான்.

முன்பலகையின் அடியில் விசிறி விரித்தாற்போல மெல்லிய பட்டிகள் ஒட்டியிருக்கும். தோரெஸுக்கு முன்பே காடிஸ் நகரத்தவர்கள் இப்படி வைத்திருந்தார்கள். தோரெஸ் தம் சிறந்த கிதார்களில் ஏழு பட்டிகளை வைத்து அதைச் சீராக்கினார். ஒவ்வொரு பட்டியையும் உளியால் சீவும்போதும் அதே வளைத்தலும் தட்டலும்தான்.

ஸ்ப்ரூஸ் அல்லாமல் சிடார் முன்பலகையும் பார்ப்பாய். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் செம்பழுப்பு மரம் அது. 1960களின் நடுவில் மாட்ரிட் நகரத்து மூன்றாம் ஹோசே ராமிரெஸ் அதைக் கிளாசிக்கல் கிதாருக்குக் கொண்டுவந்தார். சிடார் முதல் நாளிலிருந்தே கனிவாகப் பேசும், ஸ்ப்ரூஸ் வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும் என்பது வாசிப்பவர்களின் அனுபவம். நீ பாஹ் நிறைய வாசிக்கிறாய். குரல்கள் ஒன்றோடொன்று கலங்காமல் தனித்தனியே கேட்க ஸ்ப்ரூஸ் உனக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். அதையும் உன் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது நீ கேட்ட ரோஸ்வுட். பிரேசில் ரோஸ்வுட் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டதால் 1992 முதல் அதன் பன்னாட்டு வணிகத்தைத் தடுத்துவிட்டார்கள். அதன் இடத்தை எடுத்துக்கொண்டது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். நம் ஆசாரிகள் தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் அந்த மரம்தான் இன்று உலகின் பெரும் பட்டறைகளில் பின்பலகையாகவும் பக்கங்களாகவும் இருக்கிறது. அதற்கும் பாதுகாப்பு வேண்டும் என்று 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதையும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள்; செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளித்தார்கள். ஈட்டி அடர்த்தியானது, உலர்ந்தபின் எளிதில் கோணாது, சூடான குழாயில் வைத்து வளைத்தால் வளையும். கைவினைஞருக்கு வேறென்ன வேண்டும்! ஃபிளமெங்கோ கிதாருக்கோ எடை குறைந்த சைப்ரஸ் மரத்தைப் போடுவார்கள். ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும்.

பின்பலகைக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே அமைப்பில் ஆறு கிதார்கள்; பின்பக்க, பக்க மரம் மட்டும் வேறுவேறு. உலோகத் தந்திக் கிதார்கள்தான், என்றாலும் கேள்வி நீ கேட்டதேதான். மரம் கண்ணுக்குத் தெரியாதபடி மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிய 52 வாசிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். விலையுயர்ந்த மரம் எது, மலிவானது எது என்பது அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் தெரியவே இல்லை.

மரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் பாலிஷை மறந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். இரண்டு மில்லிமீட்டராக இழைத்த பலகைமேல் தடித்த பிளாஸ்டிக் பூச்சைப் பூசினால் இழைத்ததெல்லாம் வீண். எடையும் கூடும், அதிர்வும் அமுங்கும். பழைய கைவினைஞர்கள் பிரெஞ்சு பாலிஷ் போட்டது அதனால்தான். அதன் மூலப்பொருள் அரக்கு. ஜார்கண்ட் காடுகளில் புரசு, இலந்தை மரக் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சி, தன்னை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின் அது. ராஞ்சிக்கு அருகே நாம்குமில் 1924லேயே அதற்கென ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கிளையிலிருந்து சுரண்டி, கழுவி, துணிப்பையில் இட்டு நெருப்பருகே உருக்கிப் பிழிந்து, சூடு ஆறுமுன் கையாலும் காலாலும் இழுத்து விரித்து மெல்லிய தகடாக்குவார்கள். அந்தத் தகட்டின் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ் ஆயிற்று.

பஞ்சைத் துணியில் சுற்றி, அதில் அரக்குக் கரைசலும், ஒட்டாமல் வழுக்க ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். ஈட்டியின் துளைகளை அடைக்க முதலில் நுரைக்கல் தூள். ஒரு பூச்சு, ஓய்வு, மறுபூச்சு என்று வாரக்கணக்கில் போகும். முடிவில் நிற்கும் படலம் அத்தனை மெல்லியது. அது வியர்வைக்கும் சூட்டுக்கும் தாங்காது, ஸ்பிரிட் பட்டால் கரையும். ஆகவே சானிடைசர் பூசிய கையோடு தொடாதே. ஆனால் கீறல் விழுந்தால் புதுப் பூச்சு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். ஸ்ப்ரே அடித்த பாலியூரிதேன் பூச்சில் இது நடக்காது.

கடலோர ஈரக்காற்றில் முன்பலகை ஊதும். ஏசி அறையில் சுருங்கும். தினமும் இரண்டுக்கும் நடுவே இழுபட்டால் வெடித்துவிடும். வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வை. ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று காட்டும் சிறு கருவியும் பெட்டிக்குள் இருக்கட்டும்.

பார்க்கப் போகும்போது ஒலித்துளையின் விளிம்பைக் கவனி. மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே மரம். நடுவில் வேறு அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை, வைத்துவிட்டு வந்துவிடு. பிறகு ஒவ்வொரு கிதாரையும் உன் ஆசிரியரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீ அறையின் மறுகோடியில் கண்ணை மூடி உட்கார்ந்து கேள். மிக மெல்ல மீட்டும் தந்தியும் உன்னிடம் வந்து சேர்கிறதா என்று பார். எது பிடித்தது, அதன் முன்பலகை என்ன, பாலிஷ் என்ன என்று எனக்கு எழுது. விலையைப் பற்றி உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அன்புள்ள,
சித்தப்பா