பரீட்சை நேரத்தில் பிள்ளைக்குக் கல்லா வேண்டாம்

மாலை வியாபாரத்துக்கு ஆள் போதவில்லை என்று, பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பொட்டலம் கட்ட நிறுத்துவது நம்மில் பலருக்கு வழக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்கும்போது அந்த நேரத்தை நாம் விட்டுக்கொடுக்க வேண்டும். கடையில் இருப்பு எடுப்பதுபோல், பழைய வினாத்தாள்களை எழுதவைத்து எந்தப் பாடத்தில் குறைவு என்று பார்ப்போம். அதற்கே கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்வோம்.

தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 35 மதிப்பெண். தவறினால், "இனி கடைதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு.

தேறிய பின், கணக்கில் நாட்டமிருந்தால் மேல்நிலையில் வணிகவியல் பிரிவு; கைத்தொழில் என்றால் ஐ.டி.ஐ. மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

சில வாரங்களுக்கு ஓர் ஆள் வைக்கும் கூலி, பிள்ளையின் ஒரு வருடத்தைவிடப் பெரிதல்ல.