பொறிவண்டு

கடந்த ஆண்டு யாம் ஒரு பெரும்பிழை செய்தோம். எம் விடுதித் தோட்டத்துக் கத்தரிச் செடிகளிற் புள்ளியிட்ட சிறு வண்டுகள் ஏறியிருந்தன. தோட்டக்காரர் அவற்றை நசுக்கப் புகுந்தார். பொறிவண்டு உழவர்க்கு நண்பனாதலின் கொல்லலாகாது என்று யாம் ஏட்டறிவு கொண்டு தடுத்தோம். படித்த பிள்ளைகள் சொல்வது மெய்யாகவே இருக்கும் என்றெண்ணி அவரும் விட்டுவிட்டார். சின்னாட்களில் இலைகள் நரம்பு மட்டும் எஞ்சிச் சல்லடையாயின. அவ்வெட்கமே இக்கட்டுரைக்கு ஏது.

பொறி என்பது புள்ளி. இக்குடும்பத்து வண்டுகள் உலகெங்கும் ஏறத்தாழ 6,000 வகையின. ஆங்கிலேயர் 'லேடிபேர்டு' என்னும் பெயரிற் சுட்டும் சீமாட்டி ஏசுநாதரின் அன்னை மரியாளே. ஜெர்மானியர் வெளிப்படையாகவே 'மரியாளின் வண்டு' என்பர். தமிழ் பயிலும் எம்முட் சிலர், சங்கப் பாடல்களில் வரும் மூதாய் இதுவே எனக் கொண்டிருந்தனர். அது பொருந்தாது. மூதாய் மழைக்குப்பின் மண்ணில் ஊர்வது, பட்டுப்போன்ற மயிருடையது, வளர்ந்தபின் எட்டுக் கால்களுடையது. வண்டிற்கோ கால்கள் ஆறே.

அவரைக் கொடியில் அசுவினி மொய்த்துள்ள இலையைத் திருப்பிப் பார்மின். மஞ்சள் முட்டைகள் நட்டு வைத்தாற்போல் நெருங்கி நிற்கும். தாய் இரையின் அருகிலேயே முட்டையிடுகின்றது. ஆயினும் முதலிற் பொரித்த குஞ்சு, பொரியாத உடன்பிறப்பையே சிலபோது தின்றுவிடும்! புழுப்பருவத்தில் அது சிறு முதலைபோல் நீண்டு கருத்திருக்கும். இதனைப் பகையென்று கொல்வார் பலர். வளருங்கால் தோலுரித்து, பின் இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அதினின்று வெளிப்படும் வண்டிற்கு முதலிற் புள்ளியே இராது. வெளிறிய மஞ்சளாய் மெத்தென்றிருக்கும். சில மணி நேரத்திற்குப் பின்னரே நிறமும் புள்ளியும் தோன்றும். புள்ளியை எண்ணி வயதறியலாம் என்பது வீண்பேச்சு. தொட்டால் கால் மூட்டுக்களினின்று கசப்பான மஞ்சள் நீரைக் கசியவிடும். ஒருமுறை கவ்விய பறவை மறுமுறை அணுக அஞ்சும்.

இனி, எம்மை ஏமாற்றிய கத்தரி வண்டும் இக்குடும்பத்ததே. ஆனால் அது இலையுண்ணி. அதன் முதுகில் பெரும்பாலும் 28 புள்ளிகள் உண்டு. மேனி மங்கிய செம்பு நிறமாய் நுண்மயிர் போர்த்திருக்கும். புழு மஞ்சளாய்க் கிளைத்த முட்களோடிருக்கும். அசுவினியுண்ணும் அவரை வண்டோ எண்ணெய் பூசினாற்போல் பளபளக்கும்.

நண்பனது ஆற்றலை அறிய வேண்டின் கலிபோர்னியாவிற்குச் செல்லல் வேண்டும். ஆஸ்திரேலியாவினின்று வந்த பஞ்சுச் செதிற்பூச்சி 1868ஆம் ஆண்டளவில் அங்குக் காணப்பட்டு, இருபதாண்டுக்குள் ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கலாயிற்று. மரங்களை வெட்டி எரித்தோர் பலர். பூச்சி எங்கிருந்து வந்ததோ அங்கே அதன் பகையும் இருத்தல் வேண்டும் எனத் துணிந்த ரைலி என்னும் அறிஞர், 1888இல் கேபெல் என்பவரை அனுப்பினார். அயல்நாட்டுச் செலவிற்குச் சட்டம் இடந்தராமையால், மெல்போர்ன் கண்காட்சிக்குச் செல்வார் கூட்டத்தில் அவர் சேர்க்கப்பட்டார்! அவர் அனுப்பிய செங்கருவண்டுகளில் முதலில் உயிரோடு வந்தவை 28; மூன்று முறையில் மொத்தம் 129. ஒரு மரத்தைக் கூடாரத்தால் மூடி, அவற்றை உள்ளே விட்டனர். 1889 ஏப்ரலில் அம்மரம் தூயதாயிற்று. கூடாரத்தைத் திறந்துவிட்டனர். ஈராண்டிற்குள் தோட்டங்கள் மீண்டன.

1940களின் பிற்பகுதியில் அவ்வுழவர் வேறு பூச்சிகளுக்காக டி.டி.டி. தெளித்தனர். வண்டுகள் மடிந்தன, செதிற்பூச்சி மீண்டும் பெருகிற்று. மருந்தைக் குறைத்து, வண்டுகளைத் தேடிக் கொணர்ந்து விட்டபின்னரே அது அடங்கிற்று.

எம் தோட்டக்காரர் இப்பொழுது வண்டொன்றைக் கண்டால் உள்ளங்கையில் ஏந்தி எம் அறைக்கு வருகின்றார். "தம்பி, இது மினுக்கா, மயிரா?" என்று மட்டுமே கேட்கின்றார்.